மேஜையும் அமானிதமும்

2024-ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் நம் சங்கக் காரியாலயத்திற்கு வந்திருந்த வெளியூர் அன்பர் ஒருவர், காரியதரிசியின் மேஜையைக் கண்டு பெரிதும் வியந்தார். மேஜையின் வலப்புறம் மூன்றடுக்குக் காகிதத் தட்டு. இடப்புறம் பேனாக்கள் நிற்கும் கிண்ணம். கிளிப்புகளுக்கு ஒரு சிமிழ். நடுவே ஒரு துரும்பும் இல்லாத வெற்றிடம். "காரியாலயம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! மார்க்கம் சொல்லும் சுத்தத்தை இங்கே கண்டேன்" என்று அவர் நாலு பேர் அறியப் புகழ்ந்தார். நாமும் அகம் மகிழ்ந்தோம். அந்த மேஜைக்குப் பொறுப்பாளர் இதனை எழுதும் நாமேதான் என்பதால் மகிழ்ச்சி சற்று அதிகமாகவே இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அவர் புகழ்ந்த அந்த வேளையில், அம்மூன்றடுக்குத் தட்டின் கீழ்த்தட்டில், கணவரை இழந்த ஒரு பெண்மணியின் மனு கிடந்தது. தம் மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு உதவி கேட்டு 2023 அக்டோபரில் அவர் தம் கைப்பட எழுதிக் கொடுத்த மனு அது. புத்தகம் வாங்கும் காலம் நவம்பர்; பள்ளி திறப்பது ஜனவரி. நாம் அதைக் கண்டெடுத்ததோ மார்ச் மாதத்தில், நோன்புக் கஞ்சிக்கான அரிசிக் கணக்கைத் தேடியபோது! மடிப்புக் கலையாமல், மூலை கசங்காமல், மிக அழகாக இருந்தது அந்தக் காகிதம்.

நாம் அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை நானா. நீங்கள் பார்த்துவிட்டு, எங்களுக்குத் தர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களோ என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி வந்து கேட்க வெட்கமாக இருந்தது" என்றார். புத்தகங்களை அவர் தெரிந்தவரிடம் கடன் வாங்கி வாங்கிவிட்டார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை; மகள் சொன்னாள்.

அன்றுமுதல் நம் உள்ளத்தை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருக்கிறது. மேஜை ஒழுங்கு என்பது நற்குணமா? அல்லது நற்குணத்தின் வேடமா? குப்பையாகக் கிடந்த மேஜையில் அம்மனு இருந்திருந்தால், ஒருநாள் காற்றடித்துக் கீழே விழுந்தாவது நம் கண்ணில் பட்டிருக்குமே! நாம் காசு கொடுத்து வாங்கிய ஒழுங்கன்றோ அதை ஐந்து மாதம் மறைத்து வைத்தது!

இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லிவிடலாகாது. ஏனெனில் இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அதையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

நமக்கு முன் அதே மேஜையில் பல்லாண்டுகள் அமர்ந்திருந்தவர் ஒரு ஹாஜியார். சொந்தத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவருடைய மேஜையை மேஜை என்று சொல்வதே பொருந்தாது; காகிதங்களால் ஆன குன்று என்று சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை, மின்சாரக் கட்டணம், சந்தா ரசீது, மருந்துச் சீட்டு, மௌலூது அழைப்பு, தேநீர்க் குவளை வைத்த வட்டம் பதிந்த கூட்டக் குறிப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. ஆனால், எதைக் கேட்டாலும் குன்றின் எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு உருவி எடுப்பார். உதவி கேட்டு வந்தவரை மறுநாள் வா என்று சொன்னதை நாம் கண்டதில்லை. மனுவைப் படித்து முடிக்கும் முன்பே கை சட்டைப்பைக்குள் போய்விடும். பிறகு சபை தீர்மானித்துப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தால் தம் பணத்தை எடுத்துக்கொள்வார். சபை மறுத்தால் பேசாமல் இருந்துவிடுவார்.

2016-ல் அவர் வபாத்தானார். நாற்பது நாள் கழிந்ததும் அரிசி வியாபாரி ஒருவர் வந்தார். முந்திய ரமலானில் கஞ்சிக்கு எடுத்த அரிசிக்குச் சங்கம் 1,840 வெள்ளி தரவேண்டியிருக்கிறது என்றார். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அத்தொகை ஹாஜியார் கையில் கொடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது. வியாபாரியின் பேரேட்டிலோ வரவு இல்லை. ரசீதைத் தேடினோம். குன்று முழுவதையும் தரையில் பரப்பித் தேடினோம், கிடைக்கவில்லை. கடைசியில் சங்கமே மறுபடியும் பணத்தைக் கட்டியது.

பணம் போனது பெரிதன்று. அதன்பின் சில வாரங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் பேசப்பட்ட பேச்சு இருக்கிறதே, அதுதான் பெரிது. யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. "ஹாஜியார் நல்ல மனிதர்தான்..." என்று தொடங்கி, அந்த 'தான்'-இல் ஒரு நீட்டு வைத்து நிறுத்திக்கொண்டார்கள். கபுறுக்குள் இருப்பவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? அவருடைய மக்கள் தலை குனிந்து நடந்தார்கள். ஆறு மாதம் கழித்து, அவருடைய கடையைக் காலி செய்யும்போது, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மரக்கட்டையில் நிறுத்தியிருந்த பில் குத்தும் கம்பியில், பருப்பு, வெங்காயம், மிளகாய் பில்களுக்கு நடுவே அந்த 1,840 வெள்ளி ரசீது குத்தியபடி இருந்தது! வியாபாரி நேர்மையானவர். தம் கணக்கப்பிள்ளை வரவு வைக்கத் தவறியதை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார். ஆனால் அந்த ஆறு மாதத்தை ஹாஜியாரின் குடும்பத்திற்கு யார் திருப்பித் தருவது?

மார்க்கச் சட்டத்தில் அமானிதப் பொருளைப் பற்றி ஒரு விதி உண்டு. ஷாபி மத்ஹபாயினும் ஹனபி மத்ஹபாயினும் இதில் கருத்து வேறுபாடு பெரிதில்லை. ஒருவர் நம்மிடம் அடைக்கலமாக ஒப்படைத்த பொருள், நம் குற்றமின்றித் தொலைந்தால் நாம் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், பாதுகாப்பதில் அசட்டையாக இருந்தாலோ, அதை நம் சொந்தப் பொருளுடன் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டாலோ பொறுப்பு நம் தலைமேல் வந்துவிடும். கலந்துவிடுவதே வரம்பு மீறுதலாகிவிடுகிறது. திருடும் எண்ணம் இருக்கத் தேவையில்லை. பணத்தைப் பற்றியே இவ்விதியைப் பேசக் கேட்டிருக்கிறோம். சங்கத்தின் ரசீதை மளிகைக் கடைப் பில்லுடன் ஒரே கம்பியில் குத்துவதும் கலப்பதன்றோ? காகிதம் தானே என்று எண்ணுகிறோம். அந்தக் காகிதத்தில் ஒரு மனிதரின் மானம் ஒட்டிக்கொண்டிருந்தது.

திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து எதைப்பற்றியது என்று நம் மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றி, மறுமையைப் பற்றி என்று பலவாறாகச் சொல்வார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது ஆயத்தாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் சலிக்காமல் எழுதுவதும், எழுதுபவன் நீதியுடன் எழுதுவதும், சாட்சி வைப்பதும் அதில் வருகின்றன. மனிதனின் நினைவை நம்பிக் காரியத்தை விட்டுவிடலாகாது என்பது அதன் அடியில் ஓடும் கருத்து என நாம் விளங்கிக்கொள்கிறோம். ஹாஜியாரின் நினைவு அபாரமானது. ஆனால், அது அவரோடு கபுறுக்குள் போய்விட்டது.

கலீபா முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் (கி.பி. 661–680) நடந்ததாக வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வருகிறது. ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் தருமாறு இராக்கின் ஆளுநருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை, அவர் வழியில் பிரித்து இரண்டு லட்சம் என்று திருத்திக்கொண்டாராம். பின்னர்க் கணக்கு வந்தபோது வெளிப்பட்டது. அதன் பிறகே கடிதங்களை முத்திரையிட்டு, நகல் வைத்துக்கொள்ளும் 'திவானுல் காத்தம்' என்ற தனி இலாகா ஏற்பட்டது என்கிறார்கள். இன்று நாம் கோப்பு, நகல், முத்திரை என்று சொல்லுவதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுத்தந்த வித்தை என்று எண்ணிக்கொண்டிருக்கும் அன்பர்கள் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

நிற்க. ஹாஜியாரின் ரசீது விஷயத்தால் மனம் நொந்தே நாம் அந்த மேஜையை ஒழுங்குபடுத்தப் புறப்பட்டோம். முதல் காரியமாகக் கடைக்குப் போனோம். இங்கேதான் நம் புத்தி பிசகியது. ஒழுங்கு என்பது கடையில் விற்கும் பொருள் என்று நினைத்துவிட்டோம்! கம்பி வலையால் செய்த மூன்றடுக்குத் தட்டு, அதற்கு இணையான பேனாக் கிண்ணம், இழுப்பறைக்குள் வைக்கும் பிரிப்பான், சுழலும் பெயரட்டைத் தாங்கி. பெயரட்டைத் தாங்கி எதற்கென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு நிறத்தில் இருக்க வேண்டுமென்று வீட்டாரிடம் கூட யோசனை கேட்டோம். மேல்தட்டு 'வந்தவை', நடுத்தட்டு 'செய்ய வேண்டியவை', கீழ்த்தட்டு 'பிறகு' என்று சீட்டு ஒட்டினோம்.

'பிறகு' என்று எழுதிய அந்தக் கை எவ்வளவு துணிச்சலான கை! நாளையை நமக்கு எழுதிக் கொடுத்தது யார்? ஒரு தட்டுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதில் காகிதத்தைப் போடுவதே ஒரு செயலாகத் தோன்றிவிடுகிறது. அப்பெண்மணியின் மனுவை நாம் அதில் வைத்தபோது, ஏதோ செய்து முடித்த திருப்தி நமக்கு உண்டாயிற்று; அது நன்றாக நினைவிருக்கிறது. சபைக் கூட்டத்திற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று வைத்தோம். அக்கூட்டம் தள்ளிப்போயிற்று. அதற்குள் அம்மனுவின்மேல் வேறு பதினேழு காகிதங்கள் ஏறிவிட்டன.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் வூட்டன் என்பவர் 1874-ல் ஒரு மேஜைக்குக் காப்புரிமை பெற்றார். பீரோவைப்போல் இரண்டு கதவுகள். திறந்தால் உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அறைகள். ஒவ்வொரு காகிதத்திற்கும் ஓர் அறை. பெரிய மனிதர்களின் வீடுகளில் அது அந்தஸ்துப் பொருளாயிற்று. ஆனால் காகிதத்தை மடித்து அறைக்குள் செருகிவிட்டால், அறை இருப்பது தெரியுமேயன்றி உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கடிதங்கள் பெருகப் பெருக அவ்வகை மேஜைகள் உதவாமற் போயின. நம் கைக்கு இன்று எளிதாகக் கிடைக்கும் துளைக் கருவியும் கோப்பும் அதன்பின் வந்தவை: காகிதத்தில் துளையிடும் கருவிக்கு ஜெர்மனியில் சோனெக்கன் 1886-ல் காப்புரிமை பெற்றார்; லீவர் ஆர்ச் கோப்பை லூயி லைட்ஸ் 1896-ல் கொண்டுவந்தார். காகிதத்தை மடிக்காமல், தேதி வரிசையில், புத்தகம்போல் புரட்டலாம் என்பதே அதன் சிறப்பு.

1915-ல் நியூயார்க்கில் ஓர் ஆயுள் காப்புறுதிக் கம்பெனி தன் குமாஸ்தாக்களின் மாடம் வைத்த உயர்ந்த மேஜைகளை எடுத்துவிட்டுத் தட்டையான மேஜைகளைப் போட்டதாம். மாடங்களுக்குள் காகிதம் ஒளிந்துகொள்ளாது என்பது ஒரு காரணம். குமாஸ்தா ஒளிந்துகொள்ள முடியாது என்பது இன்னொரு காரணம்! மேற்பார்வையாளனுக்கு எல்லாம் கண்ணில் பட வேண்டும் என்பது முதலாளியின் நோக்கம். நம் நோக்கம் அதுவன்று. ஆயினும், மேஜையின் அமைப்பு நம் நடத்தையை மாற்றுகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்; நாம் அறியாமல் போனோம்.

ஆகவே, மேஜை ஒழுங்கை வெறும் ஒழுங்கு என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது என்று நமக்குத் தோன்றுகிறது. யாருக்காக அந்த ஒழுங்கு என்று கேட்க வேண்டும். வந்து போகிறவர் கண்ணுக்காக வைக்கும் ஒழுங்கு ஒன்று. அதிலே முகஸ்துதியின் வாடை அடிக்கிறது; கணக்காய்வாளர் வரும் முதல்நாள் இரவு எல்லாக் காகிதத்தையும் அட்டைப்பெட்டியில் வாரிப்போட்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை! தன் மனம் அமைதியாக இருக்கவேண்டும் என்று வைக்கும் ஒழுங்கு இன்னொன்று. அதைக் குறை சொல்ல மாட்டோம், அது அவரவர் சௌகரியம். அந்த இடத்தில் இல்லாத மனிதருக்காக வைக்கும் ஒழுங்கும் ஒன்று உண்டு. மனு கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பவர், பணம் வாங்கியும் வரவு வைக்க மறந்த வியாபாரி, நாளை நாம் வபாத்தான பிறகு இந்த நாற்காலியில் வந்து அமரப்போகும் இளைஞர் ஆகிய இவர்கள் யாரும் மேஜையைப் புகழ வரப்போவதில்லை. ஆனால் மேஜை அவர்களுடையது. அதில் உள்ள காகிதங்களில் நம்முடையது என்று சொல்லத்தக்கது அனேகமாக ஒன்றுமில்லை.

இப்படிப் பார்த்தால் ஹாஜியாரையும் நம்மையும் எப்படி எடை போடுவது? மனு கொடுத்தவருக்கு அவர் செய்ததில் நூற்றில் ஒரு பங்கும் நாம் செய்யவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவர் செய்ய மறந்ததை நாம் செய்ய முயன்றோம். முயன்று, உயிரோடு காத்திருந்தவரை மறந்தோம். எவர் குற்றம் பெரிது என்று நம்மைக் கேட்டால் நம்முடையதே என்போம். அவருடைய குழப்பத்தால் துன்புற்றது பெரும்பாலும் அவருடைய சொந்தப் பெயர். நம்முடைய ஒழுங்கால் துன்புற்றதோ, ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையின் பள்ளிப்பை.

உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், அரசாங்க வேலையாக எழுதிக்கொண்டிருக்கும்போது சொந்த விஷயம் பேச ஒருவர் வந்தால், பொதுப்பணத்து விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள் என்ற செய்தியை நாம் மேடைகளில் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். காகிதம் வீணாகாதிருக்கப் பேனாவைக் கூராக்கி வரிகளை நெருக்கி எழுதுமாறு அவர்கள் தம் ஆளுநருக்குச் சொன்னதாகவும் வருகிறது. விளக்கைப் பற்றிய செய்தியைச் சிக்கனத்தின் செய்தியாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். பிரித்து வைத்தலின் செய்தியாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? இரண்டு விளக்கு வைத்திருந்த அந்தக் கலீபாவுக்கு முன்னால், ஒரே கம்பியில் எல்லாவற்றையும் குத்தும் நாம் எங்கே?

இனி, மேஜைச் சாமான்களைப் பற்றி அன்பர்கள் சிலர் நம்மிடம் கேட்டிருப்பதால், பட்டறிவில் கண்டதைச் சொல்லிவிடுகிறோம். ஏனைய சங்கத்தாருக்கும் உதவக்கூடும்.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தை மறந்து எதையும் வாங்கலாகாது. ரப்பர் விளைந்த மண்ணாயினும் ரப்பர் வளையம் இங்கே ஓராண்டு தாங்குவதில்லை. வெப்பத்தில் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு காய்ந்து நொறுங்கும். சாதாரணக் குண்டூசி துருப்பிடித்து எழுத்தையே தின்றுவிடும். பருத்தி நாடாவால் கட்டுவது பழைய வழி. அதுவே நல்ல வழி. இப்பொழுது கடைகளில் தரும் ரசீதுகளோ மை இல்லாதவை. சூட்டினால் கறுக்கும் காகிதத்தில் அச்சிடுகிறார்கள். வெயில் பட்டாலும் சூடு பட்டாலும் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டுமென்று பிளாஸ்டிக் உறையில் போட்டால் சிலவகை உறைகளிலுள்ள இரசாயனமே எழுத்தை அழித்துவிடுகிறது! நாம் அப்படிப் போட்டு வைத்த மூன்று ரமலான்களின் ரசீதுகள் வெள்ளைக் காகிதமாகிவிட்டன. வாங்கிய அன்றே நகல் எடுத்து, நகலோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் அறநிறுவனமாகப் பதிவு பெற்ற சங்கங்கள் கணக்கு ஏடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் காக்க வேண்டும் என்பது சட்டம். வெள்ளைக் காகிதத்தைக் காத்து என்ன பயன்? மலேசியச் சகோதரர்களுக்கோ 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டிய கடமை இருக்கிறது. அறுபதாம் நாள் இரவு அலமாரியைக் குடையாமல் இருக்க, அவரவர் அறிந்த வழியைச் செய்துகொள்ளட்டும்.

தட்டு எத்தனை அடுக்கு வேண்டும்? இரண்டு போதும். வந்தது ஒன்று, போக வேண்டியது ஒன்று. தேதி முத்திரை ஒன்று வாங்குவது மூன்றாவது தட்டைவிட நூறு மடங்கு பயனுள்ளது. வந்த காகிதத்தில் வந்த நாளைக் குத்திவிட்டால், அது எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்று காகிதமே நம்மைப் பார்த்துப் பேசும். சங்கத்திற்கென்று ஒரு பூட்டு இழுப்பறை. அதில் சொந்தக் கடிதம் ஒன்றுகூட நுழையலாகாது. பேனாக் கிண்ணம், சிமிழ், சுழலும் தாங்கி முதலியவை இருந்தாலும் குற்றமில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை. விழாக்களில் சங்கத்தின் பெயர் பொறித்து அவற்றை நினைவுப் பரிசாக வழங்குவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது நம் தாழ்மையான கருத்து. வீட்டுக்கு வீடு நாலைந்து கிடக்கின்றன.

சீட்டு எந்த மொழியில் ஒட்டுவது? இது சிறிய விஷயமாகத் தோன்றும். நாம் தமிழில்தான் ஒட்டினோம், பெருமையாகவே ஒட்டினோம். ஆனால், நாளை பொறுப்புக்கு வரவேண்டிய நம் பிள்ளைகளில் பலர் 'பைத்துல்மால் பற்று' என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறார்கள். தமிழை அவர்களுக்குக் கற்பிப்பது நம் கடமை. அதற்காகக் கோப்பை அவர்கள் கைக்கு எட்டாமல் செய்வது நியாயமாகாது. இப்பொழுது தமிழும் ஆங்கிலமும் ஆக இரண்டு வரியாக எழுதியிருக்கிறோம். தமிழ் மேலே இருக்கிறது.

ஆனால், ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. அதை அன்பர்கள் முன் வைக்கிறோம். மனு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும் என்று கண்டோம். அதனால் மார்ச் மாதத்திற்குப் பிறகு எல்லா மனுக்களையும் மேஜையின் நடுவிலேயே விரித்து வைத்தோம். ஒரு வாரம் சென்றது. தேநீர் அருந்த வந்த ஒருவர் பேச்சுவாக்கில் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, இவர்கள் வீட்டிலும் இந்த நிலையா?" என்றார்! நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்க, நாம் வறுமையை மேஜைமேல் கடை பரப்பி வைத்திருக்கிறோமே! நாட்டுச் சட்டமும் இதைப் பேசுகிறது. சிங்கப்பூரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் வந்தது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவையானாலோ ஒருவர் இன்னாரென்று ஐயமற உறுதிசெய்ய அவசியமானாலோ அன்றி, அடையாள அட்டை எண்ணை வாங்குவதும் நகலை வைத்துக்கொள்வதும் கூடாது. நம் இழுப்பறையிலோ அதற்கு முந்திய காலத்து அட்டை நகல்கள் ஒரு கட்டு இருந்தன. அவற்றைக் கிழித்து அழிக்க ஓர் இரவு முழுதும் ஆயிற்று. சட்டம் வருமுன்பே நமக்கு அந்தக் கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

மறந்துபோகாமல் இருக்க வெளியில் வேண்டும். மானம் போகாமல் இருக்க உள்ளே வேண்டும். இரண்டும் அமானிதமே; ஒன்றையொன்று இழுக்கின்றன. நாம் இப்பொழுது செய்வது இது: மனு பூட்டிய இழுப்பறைக்குள் போகிறது. மேஜைமேல் ஒரு குறிப்பேட்டில் எண்ணும் தேதியும் மட்டும், பெயர் இல்லை. பதில் அனுப்பிய பின்னரே அந்த எண்ணின்மீது கோடு இழுக்கலாம். மறுப்பாயினும் பதில் பதிலே. அப்பெண்மணி ஐந்து மாதம் சுமந்தது மறுப்பையன்று, மௌனத்தை. பதினான்கு நாள் கடந்த எண் கோடின்றி நின்றால் பொருளாளர் சிவப்பு மையால் வட்டம் இடுவார். பொருளாளர் வட்டமிடுவதில் மிகுந்த உற்சாகம் காட்டுகிறார் என்பது வேறு விஷயம். இது முழுமையான தீர்வு என்று நாம் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எண்ணாகிவிட்ட மனிதர், மனிதராக நம் மனத்தில் நிற்பாரா என்ற ஐயம் உண்டு. ஹாஜியாருக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை. அவர் முகத்தை நினைவில் வைத்திருந்தார்.

எல்லாம் கணினியில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பார் இளைஞர். ஏற்றியிருக்கிறோம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த மனு ஒன்று, பெருநாள் வாழ்த்துப் படங்கள் நூற்றுக்கு அடியில் புதைந்து கிடந்ததை அதே இளைஞர்தான் சென்ற மாதம் தோண்டி எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னாலும் கீழ்த்தட்டு இருக்கத்தான் செய்கிறது.

அந்தப் பெண்மணியின் கடனைச் சபை தீர்த்துவிட்டது. பொதுப்பணத்தில் அன்று, மேஜைக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் நாம் ஏற்றுக்கொள்ள முன்வந்தோம், சபையில் வேறு இருவர் நாங்களும் அந்தக் கூட்டத்தைத் தள்ளிவைத்தவர்கள்தானே என்று பங்கு கேட்டார்கள். மூன்றடுக்குத் தட்டின் கீழ்த்தட்டைக் கழற்றி மதரஸாவுக்குக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் அதில் பென்சில் போடுகிறார்கள்.

கழற்றும்போது அதன் அடியில் ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று, எழுத்து முற்றும் மங்கிய ஒரு ரசீது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 60 வெள்ளி என்பது மட்டும் தெரிகிறது. மற்றொன்று, 'ஜகாத், ரொக்கம்' என்று பென்சிலால் எழுதிய, பெயரில்லாத ஒரு சிறு உறை; உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பணம் வரவு வைக்கப்பட்டதா என்பதை நம் ஏட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் சங்கத்தில் ரொக்கமாக ஜகாத் செலுத்தி ரசீது பெறாத அன்பர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், இஷா தொழுகைக்குப் பின் காரியாலயத்திற்கு வந்து நம்மைக் காணும்படி வேண்டுகிறோம். மேஜையில் நாம் இருப்போம்.